கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்குச் செல்வது எப்படி? பார்வதி பள்ளத்தாக்கு நடைப்பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆற்றின் கரையிலிருந்து உயர்ந்து செல்லும் மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,960 மீட்டர் உயரத்தில் கீர்கங்கா இருக்கிறது. அங்கே வண்டி போகாது. பர்ஷைனி என்ற சிற்றூரோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சுமார் 12 கிலோமீட்டர் காட்டு வழியில் நடந்து ஏறினால்தான் பனிமலைகளைப் பார்த்தபடி கழுத்தளவு வெந்நீரில் உட்காரும் அந்தப் பேறு கிடைக்கும்.

நான் அங்கே இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் பயணத்தில் நேரத்தைத் தவறவிட்டு இருட்டில் காட்டுக்குள் நடந்து, நனைந்த துணியோடு நடுங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம். அந்த அனுபவத்திலிருந்து கற்றதையெல்லாம் இரண்டாம் பயணத்தில் கடைப்பிடித்தேன். அதே மலை வேறொரு மலையாகத் தெரிந்தது. கீர்கங்காவுக்குப் போகிறவர்கள் பலரும் வெந்நீரின் சூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். அங்கே ஒருவருக்குக் கெடுதல் நேர்கிறது என்றால் அது பெரும்பாலும் குளிராலும், ஈரத்தாலும், இருட்டாலும்தான் நேர்கிறது. ஆகவே பகல் வெளிச்சத்தையும் உலர்ந்த துணியையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதையே இந்த வழிகாட்டி மையமாக வைத்துப் பேசுகிறது.

ஊற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த வெந்நீருக்கு எரிமலை காரணமில்லை. மழைநீரும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்புகளின் வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகின்றன. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். இமயமலை இன்னமும் உயர்ந்துகொண்டிருப்பதால் ஆழத்துச் சூடான பாறைகள் மேற்பரப்பை நெருங்கி வருகின்றன. அதனால் அங்கே நீர் இன்னும் விரைவாகச் சூடேறுகிறது. சூடேறிய நீர் நிலப்பிளவுகளின் வழியே மேலேறி, பள்ளத்தாக்குகளில் ஊற்றாக வெளிப்படுகிறது. லடாக்கின் பூகா, மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட், உத்தராகண்டின் தபோவன் ஆகிய வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் இந்த மலைத்தொடரைச் சேர்ந்தவைதான். திருகோணமலையின் கன்னியா வெந்நீர் ஊற்றுக் கிணறுகளைப் பார்த்த தமிழர்களுக்கு வெந்நீர் ஊற்று புதிதாக இருக்காது. ஆனால் கன்னியா கடலோரச் சமவெளியில் இருக்கிறது. இங்கோ அதே அதிசயத்தைப் பனிமலைகளுக்கு நடுவே காண்கிறோம்.

கீர் என்றால் பாயசம். சிவபெருமானின் மகன் கார்த்திகேயன் இங்கே நெடுங்காலம் தவமிருந்ததாகவும், மகனைக் காண வந்த பார்வதி அவனுக்காகப் பாயசத்தை ஊற்றாகப் பெருகச் செய்ததாகவும், கலியுகத்தில் மனிதர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள் என்பதால் பரசுராமர் அதை வெந்நீராக மாற்றிவிட்டதாகவும் இப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். நீரில் மிதக்கும் வெண்ணிறப் படலங்களைக் காட்டி, அந்தப் பாயசத்தின் ஏடுதான் இது என்பார்கள். அந்தக் கார்த்திகேயன் நம்முடைய முருகன் என்பதை நினைக்கும்போது, பழனியில் கோபித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு இங்கே தாய் பாயசம் ஊட்டியதாக ஒரு கதை இருப்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஊற்றுக்கு மேலே சிவன் கோவில் இருக்கிறது. ஊர் மக்களுக்கு இது வழிபாட்டு இடம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே ஏற வேண்டும்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே, ஜூன் மாதங்களும், செப்டம்பர் இரண்டாம் பாதியிலிருந்து அக்டோபர் முடியும் வரையிலான நாட்களும் ஏற்றவை. கோடையில் பகல் நீளமாக இருக்கும், கூட்டமும் அதிகமாக இருக்கும். அக்டோபரில் வானம் தெளிவாக இருந்தாலும் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். பள்ளத்தாக்கு ஒடுங்கியது என்பதால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு வெகு நேரம் முன்பே வெயில் மலைக்குப் பின்னால் மறைந்து குளிர் இறங்கிவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போக வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மண்சரிவால் சாலை துண்டிக்கப்படுவதும் ஓடைகள் திடீரென்று பெருக்கெடுப்பதும் அக்காலத்தில் அங்கே வழக்கம். 2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு மாவட்டத்தின் சாலைகளும் பாலங்களும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, கசோல், மணிகரண் பகுதிகளில் சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதையில் பனி உறைந்திருக்கும். பனியில் நடந்து பழகாதவர்கள் அக்காலத்தைத் தவிர்க்க வேண்டும்.

பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலோ சாலை அடைபட்டாலோ திரும்பும் ரயிலை நினைத்துக்கொண்டு அவசரப்படாமல் இருக்க அந்த ஒரு நாள் உதவும்.

இரண்டாம் படி: உடலைத் தயார் செய்தல்

பர்ஷைனியிலிருந்து கீர்கங்கா வரை ஏறத்தாழ 700 முதல் 800 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. மலையேற்றக் கலை எதுவும் தெரிய வேண்டியதில்லை. நன்றாக நடக்கத் தெரிந்தால் போதும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் நான்கு நாட்கள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து பழகுங்கள். மாடிப்படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குவது இன்னும் நல்லது. வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ ஏறி இறங்கியவர்களுக்கு இந்த ஏற்றம் அச்சம் தராது. ஆனால் குளிரும் உயரமும் அவர்களுக்கும் புதியவை.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு உயரத்தினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். சமவெளியிலிருந்து வந்த அன்றே ஏறாமல், கசோலிலோ, பர்ஷைனிக்கு அருகிலுள்ள தோஷ், கல்கா போன்ற மேட்டு ஊர்களிலோ ஒரு இரவு தங்கிவிட்டு ஏறினால் உடல் பழகிக்கொள்ளும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. துணையோடு கீழே இறங்க வேண்டும்.

இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெந்நீரில் அமர்வது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சூடான நீர் இரத்தக் குழாய்களை விரியச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்திருக்கும்போது கண் இருட்டலாம்.

மூன்றாம் படி: பை கட்டுதல்

இந்தப் படியைத்தான் முதல் பயணத்தில் அலட்சியம் செய்தேன். ஜீன்ஸ் கால்சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்து, மாற்றுத்துணியைப் பையில் அப்படியே திணித்துக்கொண்டு போனேன். வழியில் பெய்த மழையில் பை முழுவதும் நனைந்து, மேலே சேர்ந்தபோது மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நடப்பதற்குச் செயற்கை இழையிலான மெல்லிய சட்டையும் கால்சட்டையும், அவற்றின் மேல் ஒரு கம்பளிச் சட்டையும், அதற்கும் மேல் மழைக்கோட்டும் வேண்டும்.

பைக்குள் தடிமனான பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து, பொருள்களை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். அதற்குள்ளும் தனியாக ஒரு சிறு உறையில் ஒரு முழு உடுப்பு இருக்க வேண்டும்: உள்ளாடை, முழுக்கைச் சட்டை, கால்சட்டை, கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லாய். குளித்து எழுந்த பின் அணிவதற்கென்றே இருக்கும் இந்த உடுப்பை, வழியில் எவ்வளவு குளிர் அடித்தாலும் எடுக்கக் கூடாது. இரண்டாம் பயணத்தில் இந்த உறையின் மேல் "குளித்த பிறகு" என்று எழுதியே வைத்திருந்தேன்.

துண்டைப் பொறுத்தவரை, பஞ்சு போன்ற கனத்த துண்டு வேண்டாம். ஒரு முறை நனைந்தால் அந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. நம் ஊர் ஈரிழைத் துண்டுகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைவு, பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். ஒன்று துடைக்க, மற்றொன்று தலையில் கட்ட.

இவை தவிர, ஆளுக்கு ஒரு தலைவிளக்கும் மாற்று மின்கலங்களும், பிடிப்புள்ள அடியுடைய காலணியும், குளத்தருகே நடக்க ரப்பர் செருப்பும், இரண்டு லிட்டர் தண்ணீர்க் குப்பியும், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரையும், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டையும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளும் வேண்டும். தின்பதற்கு நான் கோவில்பட்டி கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் கொண்டுபோனேன். எடைக்கேற்ற பலத்தை அவை தந்தன. ரொக்கப் பணத்தைக் கசோலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே கைப்பேசிச் சமிக்ஞையை நம்பிப் பணம் செலுத்தத் திட்டமிடக் கூடாது.

நான்காம் படி: பர்ஷைனி வரை

தமிழ்நாட்டிலிருந்து தில்லி வரை ரயிலிலோ விமானத்திலோ சென்று, அங்கிருந்து மணாலி செல்லும் இரவுப் பேருந்தில் ஏறிப் புந்தரில் இறங்குவது எளிய வழி. தில்லியிலிருந்து புந்தர் சுமார் 500 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பார்வதி ஆறு பியாஸில் கலக்கும் இடம்தான் புந்தர். குல்லு விமான நிலையமும் இங்கேதான் இருக்கிறது என்றாலும், வானிலையால் விமானங்கள் அடிக்கடி ரத்தாவதால் அதை நம்பித் திட்டம் போடுவது சரியாக வராது.

புந்தரிலிருந்து கசோல் 30 கிலோமீட்டர். அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டரில் மணிகரண், அதைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் பர்ஷைனி. இமாசல அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் பங்கு வாடகை வண்டிகளும் ஓடுகின்றன. சாலை குறுகலானது, எதிரே வண்டி வந்தால் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டிய இடங்கள் உண்டு.

போகும் வழியில் மணிகரணில் அரை நாள் செலவிடுங்கள். சிவன் கோவிலும் குருத்வாராவும் அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊரில் ஊற்று நீர் ஏறத்தாழ கொதிநிலையிலேயே வெளிவருகிறது. அரிசியையும் பருப்பையும் துணியில் முடிந்து கயிற்றால் ஊற்றுத்தொட்டியில் இறக்கிவிட்டு, வெந்ததும் தூக்குகிறார்கள். குருத்வாராவின் பொதுச் சமையலுக்கும் இந்தச் சூடு பயன்படுகிறது. ஆவி பறக்கும் அந்தத் தொட்டிகளின் விளிம்பில் குழந்தைகளை ஒருபோதும் தனியாக விடக் கூடாது. விரல் விட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், அது தோலை உரித்துவிடும் சூடு. குளிப்பதற்கு, குளிர்நீர் கலந்து ஆற்றிய குளங்கள் தனியே இருக்கின்றன. முழங்கால் வலியால் மலையேற முடியாத பெரியவர்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுக்கு மணிகரண் குளியலே போதுமான நிறைவைத் தரும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வதி ஆற்றின் பாறைகளில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் இருக்கிறது. பர்ஷைனி அருகே அணை கட்டியிருக்கிறார்கள். 2014 ஜூனில், இந்த ஆறு கலக்கும் அதே பியாஸில், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த 24 பொறியியல் மாணவர்களை அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடித்துச் சென்றது. நீர் எப்போது உயரும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: நடை

காலை எட்டு மணிக்குப் பர்ஷைனியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சராசரி நடையில் மேலே போக ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகும். பகல் பதினொரு மணிக்கு மேல் அங்கே வந்து சேர்ந்தால் அன்று ஏறாமல், கல்காவிலோ தோஷிலோ தங்கி மறுநாள் காலையில் கிளம்புவதே சரி. நாங்கள் முதல் முறை ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். அது அக்டோபர். கடைசி ஏற்றத்தின் நடுவில் இருட்டிவிட்டது. மூன்று பேருக்கு ஒரே விளக்கு. ஓடையைக் கடக்கும்போது நண்பரின் கால் வழுக்கி முழங்கால் வரை நனைந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசவே இல்லை, பற்கள் கிட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேலே செல்ல நக்தான் வழி, கல்கா வழி என்று இரண்டு முக்கியமான பாதைகள் உள்ளன. தோஷிலிருந்து வருபவர்கள் நக்தான் பாதையில் வந்து சேர்ந்துகொள்வார்கள். புதிதாகச் செல்பவர்கள் நக்தான் வழியையே எடுக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. இந்தப் பாதையில் ஊரும், தேநீர்க் கடைகளும், எதிரே இறங்கி வரும் மனிதர்களும் இருக்கிறார்கள். கல்கா பாதை முழுக்க அடர்ந்த காட்டுக்குள் செல்கிறது. அழகானதுதான், ஆனால் கிளைவழிகள் குழப்பும். பார்வதி பள்ளத்தாக்கில் தனியாக நடந்து காணாமல் போனவர்களின் கதைகள் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றன. எந்த வழியானாலும் தனியாக நடக்க வேண்டாம். தங்கும் விடுதியில் உங்கள் பெயரையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வழியில் காவலர்களோ வனத்துறையினரோ பதிவு கேட்டால் முழு விவரத்தையும் எழுதுங்கள்.

நக்தான் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டும் காத்குணி முறை வீடுகளை இங்கே காணலாம். வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது கோவில் மேடையில் உட்காருவதோ, கேட்காமல் எதையும் தொடுவதோ கூடாது. குல்லுப் பகுதி ஊர்த் தெய்வங்களுக்கான கட்டுப்பாடுகள் கண்டிப்பானவை. ஐயம் இருந்தால் "நமஸ்தே ஜி" என்று சொல்லிக் கேளுங்கள், பொறுமையாக வழிகாட்டுவார்கள்.

அதற்கு அப்பால் ஆப்பிள் தோட்டங்களைக் கடந்து நடந்தால் ருத்ரநாக் அருவி வரும். பாறையில் பாம்பு நெளிவதுபோல் நீர் வளைந்து இறங்குவதால் இந்தப் பெயர். இதுவும் வழிபாட்டு இடமே. இங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து, சாப்பிட்டு, குப்பியை நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடை நீரை அப்படியே குடிக்காமல் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது, ஏனென்றால் மேலே ஆடுமாடுகள் மேய்கின்றன.

ருத்ரநாக்கைத் தாண்டி, பார்வதி ஆற்றின் மேலுள்ள பாலத்தைக் கடந்ததும் உண்மையான ஏற்றம் தொடங்கும். தேவதாருவும் பிற ஊசியிலை மரங்களும் அடர்ந்த சரிவில், வேர்கள் படிக்கட்டுகளைப்போல் குறுக்கே ஓடும். மழை பெய்திருந்தால் இந்த வேர்கள்தான் அதிகம் வழுக்கும். வேரின் மேல் காலை வைக்காமல் இரண்டு வேர்களுக்கு நடுவிலுள்ள மண்ணில் வையுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வியர்க்கத் தொடங்கும் முன்பே கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட வேண்டும், நின்றவுடன் அணிந்துகொள்ள வேண்டும். உள்சட்டை வியர்வையில் நனைந்துவிட்டால் அதுவும் மழையில் நனைந்ததற்குச் சமம்.

காடு திடீரென்று முடிந்து, அகன்ற புல்வெளி தோன்றினால் நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

ஆறாம் படி: குளத்தில் இறங்குதல்

வந்த வேகத்தில் குளத்தில் குதிக்காதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து, மூச்சு சீரான பிறகு, தண்ணீரோ சர்க்கரை போட்ட தேநீரோ குடித்துவிட்டுப் புறப்படுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். புல்வெளிக்கு மேலே சற்று ஏறினால் குளங்கள் இருக்கின்றன: ஆண்களுக்குத் திறந்த வெளியில், சிமெண்டால் கட்டிய குளம், பெண்களுக்குச் சுவர் எழுப்பிய தனிக்குளம்.

நீர் பிறக்கும் இடத்தில் இறங்கவோ கால் கழுவவோ கூடாது. வெளியே விழும் குழாய் நீரில் முதலில் உடலைக் கழுவிக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் குளத்தில் படக் கூடாது. அந்த நீர் நேராகச் சரிவில் இறங்கி ஆற்றில் சேர்கிறது. காலணியைத் தொலைவிலேயே விட்டுவிடுங்கள். கோவில் இருக்கும் இடம் என்பதால் உடையிலும் குரலிலும் அடக்கம் வேண்டும். மற்றவர்கள் குளிப்பதைப் படம் பிடிக்கக் கூடாது.

"குளித்த பிறகு" உடுப்பையும் உலர்ந்த துண்டையும், கை நீட்டினால் எட்டும்படி, ஆனால் தெறிக்கும் நீர் படாத கல்லின் மேல் வைத்துவிட்டு இறங்குங்கள். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரம் கொடுத்து இறங்க வேண்டும். குளிர்ந்த தோலுக்கு நீர் முதலில் சுடுவதுபோல் இருக்கும். இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். குளத்தின் அடி வழுக்கும் என்பதால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நகருங்கள்.

தலையை மூழ்கடிக்காதீர்கள், மூக்குக்குள் நீர் போக விடாதீர்கள். கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு முதல் அதிகம் பேசப்பட்ட மூளையைத் தின்னும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. மூக்கின் வழியாகவே அது மூளையை அடைகிறது. அரிதான நோய்தான் என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. எந்த வெந்நீர்க் குளத்திலும் தலையை வெளியே வைத்துக்கொள்வது என்ற ஒரே பழக்கத்தால் அதைத் தவிர்த்துவிடலாம். திறந்த புண் உள்ளவர்களும் இறங்க வேண்டாம்.

பத்து முதல் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். பிறகு ஏறி விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வேண்டுமானால் மீண்டும் ஒரு முறை இறங்கலாம். தலை லேசாகச் சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே வெளியேற வேண்டும், ஆனால் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. மது அருந்திவிட்டு வெந்நீரில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. இந்தப் பள்ளத்தாக்கில் சரஸ் என்னும் கஞ்சாப் பிசினை விற்பவர்கள் அணுகக்கூடும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் ஒரு வார்த்தையில் மறுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நடந்து களைத்த கால்களுக்கு இந்தச் சூடு தரும் இதம் உண்மையானது. அதற்கு மேல், தோல்நோய் முதல் மூட்டுநோய் வரை எல்லாவற்றையும் இந்த நீர் குணமாக்கும் என்று சொல்பவர்களை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வெளியே வருவதுதான் எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். முதல் பயணத்தில், மேலே சேர்ந்த மகிழ்ச்சியில் இரவு எட்டு மணிக்குக் குளத்தில் இறங்கி, ஈரக் கால்சட்டையோடே தங்குமிடம் வரை நடந்தேன். நூறு அடிதான் இருக்கும். அங்கே போனபோது விரல்கள் விறைத்து, சட்டையின் பொத்தானைக்கூட அவிழ்க்க முடியவில்லை. தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். தேநீரை நீட்டாமல், அடுப்படியில் காய்ந்துகொண்டிருந்த தம் கம்பளியை எடுத்து வந்து போர்த்திவிட்டு, "பேட்டா, முதலில் துடை, தேநீர் அப்புறம்" என்றார். அவர் சொன்ன வரிசையைத்தான் இப்போதும் கடைப்பிடிக்கிறேன்: குளத்தை விட்டு ஏறிய இடத்திலேயே தலையையும் உடலையும் துடைத்து, ஈரத்துணியை முழுவதும் களைந்து, உலர்ந்த உடுப்பை அணிந்து, குல்லாயை மாட்டிய பிறகுதான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒருவருக்கு நடுக்கம் அடங்காமல் பேச்சுக் குழறினால், உலர்ந்த துணியும் கம்பளியும் போர்த்தி, இனிப்பான சூடான பானம் கொடுத்து, அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும்; நடுங்குகிறாரே என்று மறுபடியும் வெந்நீரில் இறக்கிவிடக் கூடாது.

குளிப்பதற்கு ஏற்ற நேரம் அதிகாலையே. கூட்டம் இருக்காது, எதிர்மலையின் பனி முதலில் செம்பாகவும் பிறகு வெள்ளியாகவும் மாறுவதைக் கழுத்தளவு நீரிலிருந்து பார்க்கலாம்.

ஏழாம் படி: இரவு தங்குதல்

ஒரு காலத்தில் இந்தப் புல்வெளி முழுக்கக் கூடாரங்கள் நிறைந்து, குப்பையும் கழிவும் ஊற்றின் காலடி வரை வந்துவிட்டன. 2018-இல் உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து வனத்துறை அனுமதியற்ற கூடாரங்களை அகற்றியது. தங்குவதற்கான விதிகள் காலத்துக்கேற்ப மாறுவதால், பர்ஷைனியில் வனத்துறையினரிடமோ தங்கும் விடுதியிலோ அன்றைய நிலையைக் கேட்டுவிட்டே ஏறுங்கள். அனுமதி இல்லை என்றால் காலை ஆறு மணிக்கே கிளம்பி, நண்பகலுக்குள் குளித்து, இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கும்படி திட்டமிடுங்கள். வலுவான கால்கள் உள்ளவர்களுக்கு அது இயலும்.

தங்க முடிந்தால், இருக்கும் உடுப்பையெல்லாம் அணிந்து தூங்குங்கள். தண்ணீர்க் குப்பியைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டால் காலையில் சில்லிடாது. கீர்கங்காவுக்கு அப்பாலும் பாதை தொடர்ந்து, மான்தலாய் ஏரியையும் 5,300 மீட்டருக்கு மேலுள்ள பின் பார்வதி கணவாயையும் நோக்கிச் செல்கிறது. வழிகாட்டியும் உரிய ஏற்பாடும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

எட்டாம் படி: இறங்குதல்

இறக்கத்துக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஒரு கோலை ஊன்றிக்கொண்டு குட்டையான அடிகளாக வைத்து இறங்க வேண்டும். காலணியின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது, நகங்கள் நசுங்காது. பர்ஷைனியிலிருந்து கடைசிப் பேருந்து எப்போது என்பதை ஏறும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108. பெரிய மருத்துவமனை குல்லுவில்தான் இருக்கிறது.

கொண்டுபோன குப்பை முழுவதும் உங்களோடு திரும்பி வர வேண்டும். நாப்கின், ஈரத்தாள், மிட்டாய் உறை எதுவும் மலையில் மக்கிப்போகாது. ஈரத்துணிகளை வைத்த பிளாஸ்டிக் உறை அதற்கும் உதவும்: இறங்கும் முன் ஈரத்துண்டை முதுகுப்பையின் மேல் விரித்துக் கட்டிவிட்டால், காலியான அந்த உறையில் குப்பையைப் போட்டுக்கொள்ளலாம். நக்தானுக்கு வருவதற்குள் ஈரிழைத் துண்டு காய்ந்துவிடும்.